வீழ்ந்த விமானியும் விடாத ஆய்வும்

போரில் மாண்டவர்களை வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கையாகவே சுமந்து செல்கிறது. அவ்வெண்ணிக்கையிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்து, அவர் எப்படையில் பணியாற்றினார், எவ்விமானத்தில் பறந்தார், எங்கு வீழ்ந்தார் என வினவுவது வீண்வேலை என்பாரும் உளர். மாண்டவர் மீளப் போவதில்லை. பின் எதற்கு இத்தேடல் என்பது அவர்தம் வாதம். நாம் அதனை ஏற்பதற்கில்லை. உண்மை அறியப்படாத இடத்தில் கதைகள் குடியேறிவிடும். குடியேறிய கதையை வெளியேற்றுவது எளிதன்று. இதற்குச் சான்றாக ஒரு தேடலை ஈண்டு நோக்குவோம்.

அந்த்வான் து செந்த்-எக்சுபெரி, 'குட்டி இளவரசன்' என்னும் நூலால் தமிழ் வாசகரும் அறிந்த பிரெஞ்சு எழுத்தாளர். 1900 இல் லியோன் நகரில் பிறந்த அவர், தொழிலால் விமானி. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரெஞ்சு விமானப் படையின் 2/33 என்னும் வேவுப் பிரிவில் பணியாற்றினார். 1940 இல் பிரான்சு வீழ்ந்தபின் அமெரிக்கா சென்றார். அந்நூல் 1943 இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் வட ஆப்பிரிக்கா திரும்பித் தம் பழைய பிரிவிலேயே சேர்ந்தார். நாற்பதைக் கடந்த வயது. பழைய விபத்துகளால் நொந்த உடல். தரையிறங்குகையில் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பின் பறக்கும் அனுமதியையும் இழந்தார். பலரிடம் மன்றாடி 1944 இல் அதனை மீண்டும் பெற்றார்.

அவர் இறுதியாக ஓட்டியது, லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 லைட்னிங் விமானத்தின் எஃப்-5பி என்னும் வகை. துப்பாக்கிகளைக் களைந்து, அவ்விடத்தில் நிழற்படக் கருவிகளைப் பொருத்திய விமானம் அது. எதிரியைத் திருப்பிச் சுட ஒன்றுமில்லை. உயரமும் வேகமுமே காப்பு. 1944 சூலை 31 காலை, கோர்சிகாத் தீவின் போர்கோ தளத்திலிருந்து, கிரனோபிள், அன்னெசி பகுதிகளைப் படமெடுக்கப் புறப்பட்டார். எரிபொருள் தீரும் நேரம் கடந்தும் திரும்பவில்லை.

அன்று தொடங்கின ஊகங்கள். ஆல்ப்ஸ் மலையில் மோதினார் என்றனர் சிலர்; உயிர்வளிக் கருவி பழுதுற்றது என்றனர் வேறு சிலர்; எதிரி வீழ்த்தினான் என்றும், தாமே உயிர் நீத்தார் என்றும் கூறினோர் உண்டு. அரை நூற்றாண்டுக் காலம் அவை நிலைத்தன.

1998 செப்டம்பரில், மார்செய் நகருக்குத் தெற்கே ரியூ தீவின் அருகே, ஷான்-குளோத் பியான்கோ என்னும் மீனவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதில் எழுத்தாளரின் பெயரும், அவர் மனைவி கொன்சுவேலோவின் பெயரும், அமெரிக்கப் பதிப்பகத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அதன் உண்மையை ஐயுற்றோர் பலர். ஐயுற்றது முறையே. சிறு பொருள் எவ்வழியிலும் ஓரிடத்தை அடையலாம் அன்றோ! 2000 இல் லுய்க் வன்ரெல் என்னும் முக்குளிப்பாளர் அக்கடற்பகுதியில் விமானச் சிதைவுகளைக் கண்டறிந்தார். 2003 இல் உரிய அனுமதியுடன் சில பகுதிகள் மேலே கொணரப்பட்டன. அவற்றுள் ஓர் உலோகத் துண்டில் 2734 என்னும் எண்ணும் எல் என்னும் எழுத்தும் இருந்தன. தொழிற்சாலைப் பதிவில் அவ்வெண், 42-68223 என்னும் படை எண்ணுடைய விமானத்தைச் சுட்டியது. செந்த்-எக்சுபெரி புறப்பட்டுச் சென்றது அவ்விமானத்தில்தான். 2004 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது.

ஏறத்தாழ 10,000 விமானங்கள் செய்யப்பட்ட ஒரு வகையில், இன்னதே அது என்று சுட்ட ஓர் எண் போதுமானதாயிற்று. அவ்வெண்ணைப் பொறித்த தொழிலாளிக்கு அவ்வெழுத்தாளரைப் பற்றி எதையும் நிறுவும் நோக்கம் இல்லை. அதனாலேயே அச்சான்று வலிமை பெறுகிறது. ஒன்றை மெய்ப்பிக்கவென்று எழுதப்படாத சான்றே ஆய்வாளனுக்கு உற்ற துணை என்பது இலக்கிய ஆய்வுக்கும் பொருந்தும்.

ஆயினும் அவ்வெண், விமானம் ஏன் வீழ்ந்தது என்பதைச் சொல்லவில்லை. 2008 இல் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்னும் முன்னாள் ஜெர்மானிய விமானி, தாமே அதனைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறினார். அவர் அவ்வெழுத்தாளரின் வாசகரும் ஆவார். தான் விரும்பிய எழுத்தாளனைத் தானே கொன்றவன் என்னும் செய்தி உள்ளத்தை உலுக்குவது; உலக இதழ்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டதில் வியப்பில்லை. எனினும் அக்கூற்றை உறுதிசெய்யும் போர்க்காலப் பதிவு கிடைக்கவில்லை. அறுபதாண்டு கடந்த நினைவு ஒன்றே சான்றாக நிற்கிறது. உள்ளத்தை உருக்குவதனால் மட்டும் ஒரு கூற்று மெய்யாகிவிடாது. அது நிறுவப்படாத கூற்றாகவே நிற்கட்டும் என்பதே நம் துணிபு.

சிதைவைத் தோண்டி எடுப்பதை அவர் குடும்பத்தார் விரும்பவில்லை. அவர்தம் உணர்வும் மதிக்கத்தக்கதே. மாண்டோரின் ஓய்விடம் வேடிக்கைப் பொருளாகலாகாது. ஆனால் இத்தேடல் மற்றொன்றையும் தந்தது. அதே கடற்பரப்பில் ஒரு ஜெர்மானியப் போர் விமானத்தின் எஞ்சினும் கிடந்தது. அதனை ஆராய்ந்தபோது, 1943 இறுதியில் வீழ்ந்த ஓர் இளம் ஜெர்மானிய விமானியின் முடிவு தெரியவந்தது. புகழ்பெற்றவரைத் தேடிச் சென்றோர், உலகம் அறியாத ஒருவரையும் கண்டனர்; அதுவும் எதிரணியைச் சார்ந்தவரை! ஆய்வின் அறம் இங்கேதான் விளங்குகிறது எனலாம். உண்மைக்கு நம்மவர், பிறர் என்னும் வேற்றுமை இல்லை.

மாணவர்கள் தம் ஆய்வேடுகளில் ஒரு நூலின் கூற்றை மற்றொரு நூலிலிருந்து எடுத்தாண்டு, அதனையே முடிவெனக் கொள்ளும் வழக்கம் பெருகிவருகிறது. மூலத்தைத் தேடுவோர் அருகிவருகின்றனர். கடலடியில் கிடந்த துண்டுலோகத்தின் எண்ணைப் படித்த பொறுமை அவர்களுக்கு வேண்டும். அவ்வெண் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அது சொல்லாததைச் சொல்லாமல் விடும் அடக்கமும் உடன் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தவரிடத்தில் மாண்டவரின் பெயரை நாம் நம்பி ஒப்படைக்கலாம்.