எலிக்கு ஆறிய புண் மனுஷனுக்கு ஆறுமா? ஸ்டெம் செல் 'கசிவு நீர்' - பணம் கட்டும் முன் உஷார்!

சுகர் வந்தவருக்கு காலில் சின்ன முள் குத்தினாலும் போச்சு. மாசக்கணக்கில் புண் ஆறாது. சிலருக்கு விரலையே எடுக்க வேண்டிய நிலை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள்.

இவர்களுக்கு ஆய்வுக்கூடங்களில் இருந்து ஒரு நல்ல சேதி. ஸ்டெம் செல் கசியவிடும் நீரைக் கொடுத்தால் எலியின் தோல் புண் சீக்கிரம் ஆறுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

அது என்ன நீர்?

தொப்புள் கொடி, கொழுப்பு, எலும்பு மஜ்ஜையில் கிடைக்கும் ஸ்டெம் செல்களை சத்து திரவத்தில் வளர்க்கிறார்கள். அவை புரதங்களையும், 'எக்சோசோம்' எனும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளையும் கசியவிடும். செல்லை நீக்கிவிட்டு அந்த நீரை மட்டும் எடுக்கிறார்கள். புது ரத்தக்குழாய் முளைக்க இது தூண்டும்.

எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் தோலை வட்டமாக வெட்டுவார்கள். சில எலிகளுக்கு இந்த நீர், மற்றவைக்கு வெறும் உப்பு நீர். எது முதலில் ஆறுகிறது என்று அளந்து பார்ப்பார்கள்.

எலி வேற, நாம வேற!

எலித்தோலுக்கு அடியில் மெல்லிய தசை உண்டு. அது புண்ணை சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடிவிடும். நமக்கு புது சதை வளர்ந்துதான் மூடணும். இதனால்தான் சில ஆய்வாளர்கள் எலிப்புண்ணைச் சுற்றி சிலிகோன் வளையம் தைத்து, சுருங்காமல் தடுத்து சோதிக்கிறார்கள்.

அப்படியும் அது புதுசா வெட்டின புண். நம்மாளு புண்ணோ மாசக்கணக்கில் சீழ் பிடித்தது. ரத்த ஓட்டம் குறைவு, காலில் உணர்ச்சியும் இல்லை. அதோடு தினமும் வேலைக்கு நடந்தாகணும்!

அமெரிக்காவில் எக்சோசோம் சிகிச்சை எடுத்த சிலருக்கு கடும் பாதிப்பு ஏற்பட, 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. புதிய ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான அனுமதி பெற்ற சோதனையில் மட்டுமே கொடுக்கணும் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை. அந்த சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கவும் கூடாது.

எனவே 'ஸ்டெம் செல் ஊசி, லட்ச ரூபாய் கட்டுங்க' என்று யாராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்க: "அனுமதி பேப்பர் எங்கே?"

அதுவரை கைகண்ட வழி பழசுதான். சுகரைக் கட்டுக்குள் வைங்க. வெறுங்காலில் நடக்காதீங்க. ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. சின்ன புண் என்றாலும் மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஒருநாள் கூலி போனால் சம்பாதிக்கலாம். கால் போனால் வருமா?