படகுக்கும் வரி இல்லை

வரி விதிப்பது எளிது; எவரிடம் விதிக்கலாகாது என்று அறிவதே அரிது. ஓர் அரசின் உள்ளம் எத்தகையது என்பதை அதன் வரிச் சட்டத்திலுள்ள விலக்குகளைக் கொண்டு ஒருவாறு அளந்துவிடலாம் என்பது நம் எண்ணம். இவ்வாரம் பிரித்தானியச் சட்டத்திலுள்ள ஒரு சிறு விலக்கை எடுத்துக்கொள்வோம். இலண்டனிலும் பிற நகரங்களிலும் உற்றார் வாழும் குடும்பங்கள் நம் வாசகருள் பல உளவாதலின், இஃது அவர்களுக்குப் பயன்படவுங் கூடும்.

அந்நாட்டில் பெறுமதி சேர் வரி 1973 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. 2011 சனவரி முதல் அதன் பொது வீதம் நூற்றுக்கு 20 ஆகும். வரி சேராமல் 20,000 பவுண் விலையுள்ள மோட்டார் வண்டியை வாங்குபவர் மேலும் 4,000 பவுண் வரியாகக் கொடுத்தல் வேண்டும். ஆனால், வழக்கமாகச் சக்கர நாற்காலியில் நடமாடும் ஒருவர், தம் குறைக்கேற்பத் திருத்தியமைத்த வண்டியைத் தம் சொந்த உபயோகத்துக்காக வாங்குவாராயின், அந்த 4,000 பவுணை அரசு கேட்பதில்லை. படுக்கையில் வைத்துத் தூக்கிச் செல்லப்படுவோருக்கும் இச்சலுகை உண்டு. 1994 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வண்டிகளைப் பூச்சிய வீதத்தில் வைத்திருக்கிறது.

"இஃது அரசு இடும் பிச்சையன்றோ?" எனச் சிலர் வினவலாம். சற்றே சிந்திப்போம். நாம் கதவைத் திறந்து வண்டியில் ஏறி அமர்கிறோம். வலது குறைந்தவருக்கோ தாழ்த்திய தளம் வேண்டும். நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பலகை வேண்டும். காலால் மிதிப்பதற்குப் பதிலாகக் கையால் இயக்கும் பிறேக்கு வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. விலை ஏற ஏற வரியும் ஏறும். ஊனம் அவரிடம் ஏற்கெனவே ஒரு வரியை வாங்கிவிட்டது. அதன்மேல் தானும் ஒன்று வாங்க அரசு நாணுகிறது, அவ்வளவே.

முன்னாளில் அங்கு வேறொரு முறை இருந்தது. 1948 இல் தேசிய சுகாதார சேவை தோன்றிய பின்னர், வலது குறைந்தோருக்கு மூன்று சக்கரச் சிறு வண்டிகளை அரசே இரவலாக அளித்து வந்தது. வெளிர் நீல நிறத்து அவ்வண்டிகளில் ஓர் இருக்கையே உண்டு. கணவன் அதிற் சென்றால் மனைவி வேறு வழி தேடவேண்டும். பிள்ளையை மடியில் வைக்கவும் இடமில்லை. பாதுகாப்புக் குறைவு கருதி, 2003 மார்ச் 31 இல் அவை வீதிகளிலிருந்து அறவே விலக்கப்பட்டன. இன்றைய வரிவிலக்கோ, வாங்குபவர் தமக்கேற்ற வண்டியைத் தாமே தெரிந்தெடுக்க இடந்தருகிறது. 12 பேருக்கு மேற்படாதோர் செல்லும் வண்டியாயின் போதும். குடும்பம் முழுவதும் கூடவே செல்லலாம்.

இனி நிபந்தனைகளைக் காண்போம். திருத்தம் கணிசமானதாயும் நிலையானதாயும் இருத்தல் வேண்டும். அதாவது வண்டியின் உடலோடு ஒட்டவைத்தோ ஆணி முடுக்கியோ பொருத்தியிருத்தல் வேண்டும். தானே மாறும் கியரும், கூரைமேற் பொதி ஏற்றும் சட்டமும் திருத்தங்களாகக் கொள்ளப்படா. வண்டி கைக்கு வருமுன்னரே வேலை முடிந்திருக்கவும் வேண்டும். முதலில் வாங்கிப் பின்னர் திருத்தினால், திருத்த வேலைக்கு வரி இல்லையெனினும், வண்டிக்குக் கொடுத்த வரி திரும்பி வராது. ஆதலால், பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் இதைக் கூறித் தகுதிப் பத்திரத்தை நிரப்புவதே அறிவுடைமை.

வேலி இருந்தால் அதைத் தாண்டுவாரும் இருப்பர். பெயரளவிற் சிறு மாற்றஞ் செய்து பல வண்டிகளை வரியின்றி வாங்கி, விற்று இலாபங் கண்டோர் சிலர். அதன் விளைவாக, 2017 ஏப்ரல் 1 முதல் மூன்றாண்டுக்கு ஒரு வண்டி என்ற எல்லை வந்தது. வண்டி களவு போனாலோ, திருத்த முடியாதவாறு சேதமுற்றாலோ, உடல்நிலை மாறியதால் அது பொருந்தாமற் போனாலோ மட்டும் இவ்வெல்லை தளரும். வஞ்சகர் செய்த பிழைக்கு, நேர்மையானவரும் மேலும் ஒரு பத்திரத்திற் கையொப்பமிட வேண்டியதாயிற்று.

குறையும் ஒன்று உண்டு. கோலூன்றி வருந்தி நடப்பவரும் பார்வை இழந்தவரும் இந்த வண்டி விலக்கினுள் அடங்கார். சக்கர நாற்காலியை எல்லையாக வைத்தால் அதிகாரிகளுக்குக் கணக்கு எளிதாகும். ஆனால் துன்பம் அவ்வெல்லையில் நின்றுவிடுவதில்லையே!

எனினும், இவ்விலக்குகளைப் படித்து வருகையில் ஒரு சொல் நம்மை நிறுத்தியது. அது 'படகு' என்னுஞ் சொல். வலது குறைந்தவருக்கெனத் தகுந்தவாறு அமைத்த படகுக்கும் இவ்வரி இல்லை. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஏழடிக்கும் குறைந்த அகலமுள்ள நீண்ட படகுகள் ஓடுகின்றன. அவற்றை வீடாகக் கொண்டு வாழ்வோரும் உளர். அத்தகைய ஒடுங்கிய படகினுள், சரிவுப் பலகையும் வழுக்காத சமதளமும் பிடிகம்பிகளும் நாற்காலி செல்லத்தக்க குளிப்பறையும் அமைப்பது இலேசான வேலையன்று.

மருத்துவரிடமும் வேலைத்தலத்துக்கும் செல்ல வண்டி வேண்டும். அதை எவரும் ஒப்புவர். "படகு எதற்கு? அஃது ஆடம்பரமன்றோ?" என்ற கேள்வி எழுவது இயல்பே. மாலை வெயிலில் நீர்மேற் செல்லும் இன்பம் கால் நலமுள்ளவருக்கு மட்டும் உரியதன்று என்று அச்சட்டம் எழுதியோர் கருதினர்போலும். மாணவர்களே, அக்கேள்வியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நடக்க வல்லவர் ஒருவர் படகில் ஏறும்போது, "எதற்கு?" என்று நாம் கேட்பதுண்டா?