மூலிகைக்கு நாட்டுப் பெயர் மட்டும் போதாது: எங்கள் நிலைப்பாடு

மூலிகை என்று விற்கப்படும் எதுவானாலும், டப்பாவில் அடைத்த சூரணமோ நாட்டு மருந்துக் கடையில் நிறுத்துத் தரும் வேரோ, அதில் நாட்டுப் பெயருடன் தாவரவியல் பெயரும் எழுதப்பட வேண்டும். வேரா, தண்டா, இலையா என்பதையும் குறிக்க வேண்டும். இதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஒரே பெயரை இரண்டு செடிகள் சுமந்தால் என்ன ஆகும் என்பதை பிரஸ்ஸல்ஸ் நகரம் 1990களின் தொடக்கத்தில் கண்டது. உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் சேர வேண்டியது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் வேர். சேர்ந்ததோ அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சியின் வேர். சீன மருந்துச் சந்தையில் முன்னது ஹான் ஃபாங்ஜி, பின்னது குவாங் ஃபாங்ஜி. பேச்சுவழக்கில் இரண்டும் ஃபாங்ஜிதான். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். கெட்டுப்போன சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும் இதே அரிஸ்டோலோக்கியா பேரினம். கருடக்கொடிக்கு ஈசுரமூலி, பெருமருந்து என்றும் பெயருண்டு. அரிஸ்டோலோக்கியாவைப் பற்றிய எச்சரிக்கை, பெருமருந்து என்று கேட்டு வாங்குகிறவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

சீந்தில் விவகாரம் இன்னும் அருகில் நடந்தது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப்போன்ற வேறு இனமா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. டினோஸ்போரா கார்டிஃபோலியாதான் சீந்தில். அதன் தண்டில் மேல்தோல் காகிதம்போல் உரியும். டினோஸ்போரா கிரிஸ்பாவின் தண்டெங்கும் மருமருவாகப் புடைத்திருக்கும். இலையோ இரண்டுக்கும் வெற்றிலை மாதிரிதான். காயவைத்து அரைத்துவிட்டால் இரண்டும் கசக்கும் பொடி. தவறு சீந்திலுடையதா, மாற்றுச்செடியுடையதா என்று தெரியாதவரை, நல்ல மருந்தையும் காப்பாற்ற முடியாது, நோயாளியையும் காப்பாற்ற முடியாது.

வைத்தியர்கள் செடியைப் பார்த்தே அறிவார்கள், லத்தீன் எதற்கு என்று கேட்கிறார்கள். தானே பறித்துத் தானே அரைத்துக் கொடுக்கும் வைத்தியருக்கு அது தேவையில்லை என்பதை மனமார ஏற்கிறோம். ஆனால் இன்று பறிப்பவர், மொத்த வியாபாரி, அரைவை ஆலை, கடைக்காரர் என்று சரக்கு கைமாறி வருகிறது. கடைசியில் வாங்குகிறவர் பார்ப்பது பொடியை, செடியை அல்ல. நாட்டுப் பெயர்கள் வழக்கொழிந்துவிடும் என்ற கவலைக்கும் இடமில்லை. எந்தப் பெயரையும் நீக்கச் சொல்லவில்லை, கூடவே ஒன்றை எழுதச் சொல்கிறோம்.

சிறு கடைக்காரருக்கு இது சுமை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே இனத்தை அடையாளம் கண்டு எழுதும் பொறுப்பு, செடி முழு உருவில் கைக்கு வரும் மொத்தக் கொள்முதலிலேயே தொடங்க வேண்டும். கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்து எழுதினால் போதும். பெயர் எழுதியதாலேயே கலப்படம் நின்றுவிடாது. ஆனால் தவறு நேர்ந்தால் அது யார் கையில் நேர்ந்தது என்று கேட்கவாவது முடியும். முதல்கட்டமாக, அரிஸ்டோலோக்கியா இனங்களுக்கும் சீந்திலுக்கும் இதை உடனே நடைமுறைப்படுத்துமாறு மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.