வடசென்னையில் வீடியோ கேம் கடைகள் காணாமல் போனது ஏன்?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் 90-களில் வளர்ந்தவங்களுக்கு வீடியோ கேம் கடை மறக்காது. காசு தீர்ந்தா எழுந்திரிக்கணும். அடுத்த பையன் காத்திருப்பான்.

முதல் அடி, பீச் ஸ்டேஷன் அருகே பர்மா பஜாரில் விற்ற டிவி கேம் பெட்டிகள். அதை வாங்க முடியாத வீட்டுப் பசங்களால் கடைகள் தாக்குப்பிடித்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2018-ல் பப்ஜி மொபைல். கடைக்கான தேவையே போச்சு.

கூடவே 'காசு தீர்ந்தா கிளம்பு' என்ற கட்டுப்பாடும் போச்சு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என 2025-ல் தமிழக அரசு விதி போட்டது. அதே ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் அவற்றை முழுசாகவே தடை செய்தது.

ஆனால் இலவச கேம்களுக்கு? 'போதும், எழுந்திரு' என்று சொல்ல இப்போது வீட்டில் இருப்பவர்கள்தான்.