பசுமை அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை

இயந்திரப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது மனப்பாடமான பாடம். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வகுத்த உற்பத்தி முறையில் ஏழு வகைக் கழிவுகள் உண்டு: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, பொருளை இங்குமங்கும் நகர்த்துவது, வேண்டாத செய்முறை, தேங்கிக் கிடக்கும் இருப்பு, உடலின் வீண் அசைவு, பழுதான பொருள். ஜப்பானிய மொழியில் இதற்கு முடா என்று பெயர். ஏழையும் வரிசையாக எழுதினால் பரீட்சையில் முழு மதிப்பெண்.

அதே முறையில் முடாவோடு இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று முரா, வேலை ஒரே சீராக இல்லாமை. மற்றது முரி, மனிதர் மீதும் இயந்திரத்தின் மீதும் தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. மூன்றும் ஒழிய வேண்டும் என்பதுதான் முழுப் பாடம். நீங்கள் ஐ.வி. போன ஆலைகளின் சுவர்களில் முடா பற்றிய வாசகங்களைப் பார்த்திருப்பீர்கள். முரி பற்றி ஒரு பலகையாவது கண்ணில் பட்டதா?

கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது கூர்மையாகிவிடும். எது கழிவு என்று மேலே ஒருவர் தீர்மானிப்பார், கீழே ஒருவர் அதைச் சுமப்பார். இது நம் வீட்டு வரலாறு. ஆகவே ஒரு கார் கம்பெனி ‘கழிவே இல்லாத ஆலை’ என்று மார்தட்டினால், அந்தக் கணக்கை எழுதியது யார் என்றுதான் நாம் முதலில் கேட்போம்.

கார் செய்வதற்கு முன்னால் டொயோட்டா குடும்பம் தறி செய்தது. சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். கோளாறு தெரிந்தால் வேலையை நிறுத்து என்ற பிற்காலக் கார் ஆலைத் தத்துவத்தின் வேர் அதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாய் பஞ்சாலைகளிலும் நூல் அறுந்தது. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும், தலித்தின் எச்சில் தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் சொல்ல, சம்பளம் கூடிய நெசவுப் பிரிவின் கதவு நம் மக்களுக்குச் சாத்தப்பட்டது. 1928 பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். வர்க்க ஒற்றுமை பேசியவர்களுக்கு அது சங்கடமான பேச்சாக இருந்தது. இன்றைக்கும் சிலருக்கு அப்படித்தான்.

இனி பசுமைக்கு வருவோம். ஜப்பானின் டொயோட்டா நகரில் சுட்சுமி என்றொரு ஆலை. பிரியஸ் கார் இங்கே செய்யப்பட்டது. கூரையில் சூரிய மின்தகடுகள் போட்டு, சூழலுக்கு உகந்த ஆலைகளுக்கு இதுவே முன்மாதிரி என்று நிறுவனம் உலகுக்குக் காட்டியது. இதே ஆலையில் 2002இல், தரப் பரிசோதனைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த 30 வயது தொழிலாளி ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். கடைசி மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் மிகைநேர வேலை. இழப்பீடு மறுக்கப்பட, அவர் மனைவி வழக்குப் போட்டார். அது அதிக வேலையால் நேர்ந்த மரணம் என்று 2007இல் நகோயா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தாமாக முன்வந்து’ செய்வதாகச் சொல்லப்பட்ட தர வட்டக் கூட்டங்களையும் வேலை நேரமாகவே எடுத்துக்கொண்டது. உற்பத்தியை மேம்படுத்த யோசனை சொல்லும் நேரம் கம்பெனிக் கணக்கில் வேலையே இல்லை என்பதை அந்தப் பெண் நீதிமன்றம் போய் உடைக்க வேண்டியிருந்தது.

இந்த முறையின் வாடை நம் நாட்டுக் கார் ஆலைகளிலும் உண்டு. ஹரியானாவில் மானேசர் மாருதி சுசுகி ஆலை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒரு கார் லைனை விட்டு இறங்கும். ஏழரை நிமிடத் தேநீர் இடைவேளைக்குள் கழிப்பறைக்கும் போய், டீயையும் குடித்து, லைனுக்குத் திரும்ப வேண்டும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று 2011இல் போராடினார்கள்.

2012 ஜூலை 18 அன்று சூப்பர்வைசர் ஒருவர் ஒரு தலித் தொழிலாளியைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினார் என்பது தொழிலாளர் தரப்பு. தொழிலாளிதான் தாக்கினார் என்பது நிர்வாகத் தரப்பு. இடைநீக்கம் செய்யப்பட்டது தொழிலாளி. மாலையில் கலவரம், தீ. மனிதவளப் பிரிவின் உயரதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்த மரணத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. அதற்குப் பின் நடந்தவற்றையும் மறக்கவில்லை: 546 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை நீக்கம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக வெளியே, 148 பேர் சிறையில். 2017இல் தீர்ப்பு வந்தபோது 117 பேர் விடுவிக்கப்பட்டார்கள், 31 பேர் குற்றவாளிகள், அதில் 13 பேருக்கு ஆயுள். விடுதலையானவர்களில் பலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள்.

தீயைப் பற்றி நாடே பேசியது. காலையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? லைனில் ஒரு போல்ட் பிசகினால் வேலையை நிறுத்தக் கற்றுத் தருகிற முறையில், ஒரு மனிதனைச் சாதி சொல்லித் திட்டினால் எந்தக் கயிற்றை இழுப்பது?

பெரிய ஆலைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். உதிரி பாகம் தேவையான நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும், கிடங்கில் இருப்பு தேங்கக் கூடாது. அந்த அவசரத்தைத் தாங்குவது சிறு பட்டறைகளின் பவர் பிரஸ் முன் நிற்பவர்கள். கார்த் தொழிலின் இந்த வரிசையில் விரல் நசுங்கிய தொழிலாளர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். கையை உள்ளே விட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் இல்லாத, அல்லது இருந்தும் வேலை செய்யாத இயந்திரங்கள்தான் பெரும்பாலும் அந்த விரல்களை எடுத்தன. தறியில் நூல் அறுந்தால் நிற்க வைக்க 1924இலேயே வழி தெரிந்திருந்தது.

“பூமி சூடாகிறது, நீங்கள் சாதியைக் கொண்டு வருகிறீர்களே” என்று சூழலியல் நண்பர்கள் வருத்தப்படுவார்கள். நண்பர்களே, வெள்ளம் முதலில் புகுவது சேரிக்குள், வெயிலில் முதலில் சுருள்வது நம் கூலிக்காரர்கள். மின்சார காரும் சூரிய மின்சாரமும் தண்ணீர் மறுசுழற்சியும் வரட்டும். எங்கள் சண்டை கணக்குப் புத்தகத்தோடு. ஒரு காருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ கரிமம் என்று எழுதும் புத்தகத்தில் ஒரு காருக்கு எத்தனை விரல் என்ற வரி இல்லை.

இதைப் படித்துப் பார்க்காமல் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபி விதிப்படி ஆண்டுதோறும் நிலைத்தன்மை அறிக்கை தந்தாக வேண்டும். அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். தொழிலாளர் அட்டவணையில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று பிரித்துக் கேட்கிறார்கள். நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்றும் பிரிக்கிறார்கள். நல்லது, அதற்கும் போராட்டங்கள் வேண்டியிருந்தன. சாதிக்கு அங்கே கட்டம் இல்லை. ஆனால் சமூகப் பொறுப்புத் திட்டங்களின் பயனாளிகளைப் பற்றிய பகுதியில் ‘விளிம்புநிலைப் பிரிவினர் எத்தனை சதவீதம்’ என்ற கேள்வி இருக்கிறது. ஆக, நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது நாம் எண்ணப்படுகிறோம். லைனில் நிற்கும்போது நம்மை எண்ணுவதில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டால் ‘தகுதி’ என்று பதில் வருகிறது. சரி, தகுதி பார்த்து எடுத்தவர்களில் நிரந்தரம் யார், காண்டிராக்ட் யார், கழிப்பறை கழுவுபவர் யார் என்று சாதி வாரியாக அச்சிடுங்கள் என்கிறோம். பயம் எதற்கு?

அடுத்த மாதங்களில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கார் கம்பெனிகள் வரும். கூடத்தில் பசுமை ஆலையின் வீடியோ போடுவார்கள். போவதற்கு முன் அந்தக் கம்பெனியின் அறிக்கையைப் பதிவிறக்கி, நிரந்தரமல்லாத தொழிலாளர்கள் என்ற வரிசையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ முடிந்ததும் ஒருவர் எழுந்து அந்த எண்ணைப் படியுங்கள். இன்னொருவர் அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர் என்று கேளுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது, அதனால் தனியாக எழ வேண்டாம், நாலைந்து பேராகக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பதிலே வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.