கடலில் கொட்டும் அன்னபேதிக்குக் கார்பன் காசா?

கரும்புத் தோகை வெளுத்தால் அன்னபேதியைக் கரைத்துத் தெளிப்பது கொங்கு விவசாயிக்குப் பழகிய வேலை. அதே இரும்பு உப்பைக் கடலில் கொட்டி, மிதவை நுண்ணுயிர்களைப் பெருக்கி, கரியமில வாயுவைக் கடலடிக்கு அனுப்பலாம் என்ற யோசனைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. இரும்பு பூசிய நெல் உமியை அரபிக் கடலில் தூவுவது வரை பேசியாயிற்று. மத்திய அரசு 2023-இல் அறிவித்த கார்பன் வரவு (கார்பன் கிரெடிட்) வணிகத் திட்டத்தில் இதற்கும் இடம் வேண்டும் என்பவர்கள், நம் நாடும் சேர்ந்து நடத்திய சோதனையைப் புரட்டிப் பார்க்கவில்லை.

2009 ஜனவரியில் கேப் டவுனிலிருந்து போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் கிளம்பியது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனை அது. தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கி.மீ. பரப்பில் அன்னபேதியைக் கரைத்துவிட்டார்கள். பாசி பெருகியது, ஆனால் எதிர்பார்த்த பாசி அல்ல. கனமான ஓடு கட்டிக்கொண்டு மூழ்கும் டயட்டம் என்ற பாசி பெருக சிலிக்கா வேண்டும். அந்த நீரில் அது ஏற்கெனவே தீர்ந்திருந்தது. முளைத்த மென்பாசியைக் கோபிபாட் என்ற கடுகளவு உயிர்கள் மேய்ந்தன. அவற்றை ஆம்ஃபிபாட் என்ற இன்னும் பெரிய உயிர்கள் வேட்டையாடின. தின்றதில் பெரும்பகுதி மூச்சாகி மேல்நீரிலேயே கலந்தது. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

2004-இல் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனையில், பெருகிய பாசியில் பாதிக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனதே என்பார்கள். சிலிக்கா நிறைந்த ஒரு நீர்ச்சுழலுக்குள் நடந்தது அது. ஒரு சுழலைக் காட்டி உலகக் கடலுக்கே விலை பேசுவது வியாபாரம், அறிவியல் அல்ல.

கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்ற நினைப்பு என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றில் விட்ட கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் கெட்டன, வயல்கள் உப்பேறின. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவு ஆற்றில் விழாமல் சுத்திகரிப்பதில் கண்டிப்பு வந்தது. ஆற்றுக்குச் செய்த அதே தவறைக் கடலுக்குச் செய்யக் கூலியும் கேட்கிறார்கள்!

கோவை வார்ப்பட ஆலை தன் உலைக்குக் காற்றாலை மின்சாரம் வாங்கினால் எத்தனை யூனிட் என்று மீட்டர் சொல்லும். கடலடிக்கு எந்த மீட்டரை மாட்டுவார்கள்? கடலுக்கு உரமிட்டதன் பேரில் ஒரு வரவுகூடப் பதிவாகக் கூடாது என்று திட்டத்தின் விதியிலேயே இப்போதே எழுதிவிட வேண்டும்.