அம்மாவின் காந்தாரமும் என் கட்டைவிரலும்

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறினால் எதிர்வீட்டுக்காரர் தவறாமல் கேட்பார்: "இளைய நிலா வாசிப்பீங்களா சார்?" வாசிக்க மாட்டேன். 1982-ல் அந்தப் பாட்டு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிட்டாரைத் தொட்டவன் யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். எனக்கு ஆசை வேறு. அம்மா பாடும் தாலாட்டை வாசிக்க வேண்டும். மொத்தமே நாலைந்து சுரம். ஒரு மாசத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஒன்றரை வருஷம் ஆகிறது.

நான் கற்றுக்கொள்வது ஃபிங்கர்ஸ்டைல். கம்பியை மீட்டும் பிளெக்ட்ரம் வில்லை கிடையாது. கட்டைவிரல் மூன்று தடித்த கம்பிகளில் ஒரே சீராக நடைபோட வேண்டும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்று மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பிடிக்க வேண்டும். ஒரே ஆள் மிருதங்கமும் வயலினும் வாசிக்கிற மாதிரி. நாற்பத்தேழு வயதில் என் கட்டைவிரலுக்கு இது புரியவில்லை. மற்ற விரல்கள் எங்கே போகின்றனவோ அங்கேயே அதுவும் போகிறது, கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே தத்தி ஓடும் குழந்தை மாதிரி.

இதற்காக வலது கையில் மட்டும் நகம் வளர்க்க வேண்டும். அலுவலகத்தில் எல்லாரும் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில், "வெட்டித் தொலையேன்டா, பிசாசு மாதிரி இருக்கு" என்கிறாள் அம்மா. வெட்டவே தேவையில்லை. மூன்று வாரம் பொத்திப் பொத்தி வளர்த்த மோதிரவிரல் நகம், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கையில் ஒரு நொடியில் போய்விடும்.

வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுத்தது 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற ஆங்கில நாட்டுப்பாடல். ஆறு வாரத்தில் வந்துவிட்டது. மூன்று மூன்றாக எண்ணும் தாளம், ஏழாவது ஃப்ரெட் கட்டையில் கேப்போ கவ்வி. மெட்டு போகும் டோரியன் வரிசையை எழுதிப் பார்த்தால் அது நம்ம கரகரப்ரியாவின் சுரங்கள். அதுவே பாதி தைரியம். அந்தப் பாட்டைப் பால் சைமன் என்ற பாடகர், லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்பவர் வாசித்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். (பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைக்க வேண்டாம், அசல் ஆங்கிலேயர்.) 1966-ல் சைமனும் அவர் கூட்டாளி கார்ஃபங்கலும் இசைத்தட்டில் பாடிய பிறகு உலகமெல்லாம் போயிற்று. இன்றைக்கு எந்த விரல் எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டில் என்று எண் எண்ணாகப் போட்ட டேப், கேட்டவுடன் நூறு கிடைக்கும்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 1903-ல் இங்கிலாந்தின் சாமர்செட் கிராமம் ஒன்றில் ஒரு தோட்டக்காரர் வேலை செய்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்த வேறொரு நாட்டுப்பாட்டை, சிசில் ஷார்ப் என்பவர் அங்கேயே நின்று இசைக்குறிப்பாக எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 305 கதைப்பாடல்களைத் தொகுத்தார். ஸ்கார்பரோவின் மூலக்கதை அதில் இரண்டாம் எண். அவர் தொகுத்தது பெரும்பாலும் சொற்களைத்தான். சொல் இருக்கிறது, மெட்டு எங்கே என்று கேட்டு, பிரான்சன் என்று இன்னொருவர் அவற்றின் மெட்டுகளை நாலு தடித்த புத்தகங்களாகப் போட்டார். 1959-ல் தொடங்கி 1972 வரை அந்த வேலை நடந்திருக்கிறது.

நம்மிடம் தொகுத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை 1871-லேயே புத்தகமாக்கினார். கி.வா.ஜ. பதிப்பித்த 'மலையருவி' 1958-ல் வந்தது. நா. வானமாமலை ஊர் ஊராகச் சேர்த்துக் கொடுத்தார். நூலகத்தில் உட்கார்ந்து நான் புரட்டிய தாலாட்டுப் பக்கங்களில் மாமன் வாங்கிவந்த வெள்ளிச் சங்கு இருக்கிறது, அத்தை அடித்த மல்லிகைச் செண்டு இருக்கிறது, அடிக்குறிப்பில் எந்த வட்டாரம் என்பதுகூட இருக்கிறது. தாய் அதை எப்படிப் பாடினாள் என்பது மட்டும் இல்லை. யாரைக் கேட்டாலும், "அதான் தெரியுமே, தாலாட்டு மெட்டுதான்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் இருக்கிற வரைக்கும் சரி.

ஆக, எனக்கு இருக்கிற ஒரே புத்தகம் அம்மா.

அந்தப் புத்தகத்தின் காந்தாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஃப்ரெட். மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்தால் சாதாரண காந்தாரம், நாலாவதில் அந்தர காந்தாரம். அம்மா இரண்டுக்கும் நடுவே, கம்பிக்கும் கட்டைக்கும் அகப்படாத ஓர் இடத்தில் லேசாக ஆடிக்கொண்டு நிற்கிறாள். கம்பியை இழுத்து வளைத்தால் அந்த இடம் வரும். ஆனால் அதே கையின் மற்ற விரல்கள் கார்ட் பிடித்துக்கொண்டிருக்கின்றனவே, இழுத்த இழுப்பில் அவையும் அசைந்து சுருதி பிசகுகிறது. சரி, எந்தக் கார்ட்? மைனர் வைத்தால் பழைய படத்தில் கதாநாயகியின் அப்பா சாகிற காட்சி. மேஜர் வைத்தால் டிசம்பர் மாசத்து கேரல். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அம்மா பூண்டு உரித்தபடியே, "நல்லாத்தான் இருக்கு, என்ன பாட்டு அது?" என்றாள்.

கடைசியில் வாத்தியார் ஒரு வழி சொன்னார். டேவி கிரஹாம் என்ற ஆங்கிலக் கலைஞர் 1960-களில் பரப்பிய சுருதி ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, ஆறாம் கம்பிகளை ஒரு முழுச்சுரம் இறக்கினால், ஆறு கம்பிகளையும் வெறுமனே மீட்டும்போது அதில் காந்தாரமே வராது. தம்பூரா மாதிரி நின்று ஒலிக்கும். காந்தாரத்தை மெட்டே பார்த்துக்கொள்ளட்டும். முதல்முறை அப்படி வைத்து மீட்டியபோது அம்மா தலையை நிமிர்த்தினாள். எனக்கு அன்றைக்கு அதுவே பத்மஸ்ரீ.

அடுத்து தாளம். தாளம் தட்டும் மெட்ரோனோமை எந்த எண்ணில் வைத்தாலும் அம்மா அதற்கு முன்னாலோ பின்னாலோ இருந்தாள். பிறகுதான் உறைத்தது: அவள் பாடியது தொட்டிலுக்கு. கம்பம் ஊரில் எங்கள் பழைய வீட்டு விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தொங்கும். பள்ளிக்கூடத்து ஊசல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். போய் வர சுமார் 2.8 நொடி. ஒரு பக்கம் போவதை ஓர் அடி என்று வைத்தால் நிமிஷத்துக்கு 42 அடி. மரக்கூண்டுக்குள் ஆடும் பழைய மெட்ரோனோமில் அடிமட்ட எண்ணே 40! ஸ்கார்பரோவுக்குப் பழகிய கட்டைவிரலுக்கு இந்த வேகத்தில் காத்திருக்கவே தெரியவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு டீ குடித்துவிடலாம் போலிருக்கிறது.

அதையும் பழகினேன். அப்போதுதான் வரியின் கடைசியில் அவள் இழுக்கும் இழுப்பு மாட்டியது. ஒருதடவை இரண்டு ஆட்டம், ஒருதடவை மூன்று, இன்னொரு தடவை ஐந்து.

"எத்தனைம்மா? ஒரு கணக்கு வேணும்ல?"

"கணக்கு என்னடா கணக்கு. பிள்ளை கண்ணை மூடுற வரைக்கும் இழுக்க வேண்டியதுதான்."

டேப்பில் இதற்கு என்ன குறி போடுவது?

பதிவு செய்துகொள்ளலாமே என்பீர்கள். போனை நீட்டினால் அம்மா பாடமாட்டாள். தொண்டையைக் கனைப்பாள், வெட்கப்படுவாள், "யாருக்குடா பாட, மடியில பிள்ளை இல்லாம?" என்பாள். இந்த ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பதால் தொட்டில் கட்டக் கொக்கியும் இல்லை. போன மாசம் எதிர்வீட்டுக்காரரின் பேத்தி வந்து அழுதபோது, அடுக்களை வாசலில் காலை நீட்டிப் போட்டு, காலிலேயே குழந்தையை ஆட்டிக்கொண்டு தானாகப் பாட ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் போனை எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று பதிவு செய்தேன். ஐம்பது நொடி. அதில் பாதிக்குமேல் குக்கர் விசில்.

அந்த மீதியை வைத்துத்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம்: ரிஷபத்தில் இறங்குகிறாளா, இறங்குவது போலக் காட்டிவிட்டு நிற்கிறாளா? நேற்று ராத்திரி அம்மாவையே உட்காரவைத்து, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி, பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி போடு என்றாள். போட்டேன். விரல்விட்டு எதையோ எண்ணுவது தெரிந்தது. ஒன்றரை வருஷத்து முடிச்சு அவிழப்போகிறது என்று நானும் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"ஏழு விசில் வந்திருக்குடா. அதான் அன்னைக்குப் பருப்பு அப்படிக் குழைஞ்சு போச்சு."